மணக்காத றோசாவும் பழுதான மரபணுவும்

ஐயா,
கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். கடையில் வாங்கி நட்ட றோசா கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது; துளி மணமில்லை. அப்பாச்சி வீட்டு றோசா படலையடியிலேயே மணக்கும். மரபணுவில் கைவைத்து இயற்கையைக் கெடுத்துவிட்டார்கள். சாணம் போட்டால் மணம் வருமா?
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

அப்பாச்சியின் றோசாவை இன்னும் நினைவில் வைத்திருக்கிறீர்கள், சந்தோசம். ஆனால் எழுத முதல் கொஞ்சம் வாசித்திருக்கலாம். உங்கள் கன்றின் மரபணுவை ஆய்வுகூடத்தில் யாரும் வெட்டி ஒட்டவில்லை. நிறத்தையும் வாடாத இதழையும் பார்த்துப் பார்த்து இனங்கலந்தார்கள். மணத்தை ஒருவரும் தேடவில்லை. 2015இல் பிரான்சில் மணக்கும் 'பாப்பா மெய்யான்' றோசாவையும் மணக்காத 'ரூஜ் மெய்யான்' றோசாவையும் ஒப்பிட்டார்கள். றோசாவில் ஜெரனியோல் என்ற மணப்பொருள் உண்டாக நுடிக்ஸ் வகை நொதியம் ஒன்று வேண்டும். அதற்கான மரபணு மணக்காத இதழில் வேலை செய்வதே இல்லை என்று சொல்லலாம். றோசாக் கதை அவ்வளவுதான்.

மரபணு கெட்டால் மணம் போகும் என்ற உங்கள் கணக்கைத்தான் என்னால் விட முடியவில்லை. கலியாண வீட்டில் பாஸ்மதிச் சோறு மணக்க மணக்கச் சாப்பிடுகிறீர்களே, அந்த மணமே பழுதான மரபணுவால் வருவது! சாதாரண நெல்லில் பிஏடிஎச்2 என்ற மரபணு ஒரு நொதியத்தைச் செய்யும். அது அல்டிகைட்டு வகை வேதிப்பொருள் ஒன்றைத் தேங்கவிடாமல் மாற்றிவிடும். பாஸ்மதியில் அந்த மரபணுவில் 8 டிஎன்ஏ எழுத்துகள் விழுந்துபோய்விட்டன. நொதியம் ஒழுங்காக உண்டாவதில்லை. தேங்குவது 2-அசெட்டைல்-1-பைரோலின் ஆகிறது, மணக்கிறது. தாய்லாந்து மல்லிகை அரிசியிலும் அதே 8 எழுத்துகள் இல்லை. ஆய்வாளர்கள் இதைப் பிடித்தது 2005இல். கமக்காரர் பல நூற்றாண்டு முன்பே மூக்கால் பிடித்து, விதைநெல்லாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் பாஸ்மதி வாங்க வசதியில்லை. விருந்தாட்கள் வந்தால் அம்மா கிணற்றடி ரம்பையில் ஒரு இலை கிள்ளி, முடிச்சுப் போட்டு, கூப்பன் அரிசி உலைக்குள் போடுவா. ரம்பையில் மணப்பதும் அதே 2-அசெட்டைல்-1-பைரோலின்தான். "பாஸ்மதியோ அக்கா?" என்று மாமி கேட்பா. அம்மா வாயே திறக்கமாட்டா.

ஆகவே பழையதெல்லாம் முழுசு, புதியதெல்லாம் பழுது என்று இனி எனக்கு எழுதவேண்டாம்.

கேட்டதை மறந்துவிட்டேன். மணக்காத றோசாவை எருவால் மணக்கவைக்க முடியாது. அப்பாச்சி வீட்டுக் கன்று இன்னும் நின்றால் ஒரு தடி முறித்து வந்து நடுங்கள். இல்லையென்றால் அடுத்தமுறை பூத்த கன்றாகப் பார்த்து, மணந்துவிட்டுக் காசைக் கொடுங்கள். சாணத்தைக் கத்தரிக்குப் போடுங்கள்.