சாலை போடும் முன்பே பேச முடியுமா?

கேள்வி: எங்கள் தெருவில் புது சிமெண்ட் சாலை வரப் போகிறதாம். போன தடவை பழைய சாலை மேலேயே தார் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது தெரு எங்கள் வாசற்படியை விட உயரம், மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. இந்த முறை எங்களையும் கேட்டுச் செய்யச் சொல்லலாமா? "ஏதாவது பேசினால் வேலையே நின்றுவிடும்" என்கிறார்கள்.
– பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: தாராளமாகச் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும். ஆனால் இப்போதே சொல்லுங்கள். எங்கள் தெருவில் நாங்கள் ஜேசிபி வந்து நின்ற பிறகுதான் போய்க் கேட்டோம், "எஸ்டிமேட் போட்டு டெண்டரும் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் மாற்ற முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உங்கள் பக்கம் வலுவான பிடி ஒன்று இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும், சாலை மட்டம் உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் போய்விடக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். அதைச் சொல்லியே கேளுங்கள். சுரண்டும் செலவு எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, அதில் இல்லாத வேலையை ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார்.

அப்புறம், பொறியாளரை ஒரு நாள் தெருவுக்கு வரவழைத்துக் கூடவே நடங்கள். புதுச் சாலை எந்த உயரத்தில் வரும் என்று நாலைந்து வீட்டுச் சுவரில் கோடு போடச் சொல்லி, அதைப் படம் எடுத்து வையுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், கடைசியில் எந்த வடிகாலில் போய் விழும் என்று கேளுங்கள், மழையில் தண்ணீர் எங்கே தேங்கும் என்பது அவரை விட அங்கே குடியிருக்கும் பெண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். குடிநீர்க் குழாய், பாதாள சாக்கடை இணைப்பு ஏதாவது பாக்கி இருந்தால் அதுதான் முதலில் முடிய வேண்டும், இல்லையென்றால் புது சிமெண்ட் சாலையை ஆறே மாதத்தில் வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

இதையெல்லாம் வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். நகரங்களில் ஏரியா சபை, அதாவது வார்டில் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் கூட்டம், இருக்கிறது. 2022-ல் அதற்கு விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்கள் தொடங்கின. அங்கே கோரிக்கையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கிராமத்து வாசகர்களுக்குக் கிராம சபை இருக்கிறது, தீர்மானத்தில் ஏறிவிட்டதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எஸ்டிமேட் நகல் தர மறுத்தால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி கேட்டு வாங்கவும்கூட அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது.

வேலை நின்றுவிடும் என்ற பேச்சுக்குப் பயப்படாதீர்கள். நீங்கள் சாலை வேண்டாம் என்று சொல்லவில்லையே, மட்டம் சரியாக இருக்க வேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வண்டி ஏற்ற வாசலில் நாம் கட்டும் சாய்தளம் பல தெருக்களில் வடிகாலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டத் தெருவே சம்மதிக்கிறது என்று சபைக் கூட்டத்தில் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால், பக்கத்து வீடுகளில் ஒரு வார்த்தை பேசி வையுங்கள்.