லியோன் மொதேனா: தம் குறைகளையும் எழுதி வைத்த வெனிஸ் ரபி

பழைய ஐரோப்பிய ரபிகளில், அதாவது யூத சமய குருமார்களில், ஒருவரை மட்டும் படிப்பதென்றால் யாரைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் வெனிஸ் நகரத்து லியோன் மொதேனாவைச் (1571–1648) சொல்வேன். தம்முடைய சூதாட்டப் பழக்கத்தையும் கடனையும் குடும்பத் துயரங்களையும் மறைக்காமல் எபிரேய மொழியில் தன்வரலாறாக எழுதி வைத்த சமயத் தலைவர் அவர்.

1516-இல் வெனிஸ் அரசு யூதர்களுக்கென்று ஒதுக்கிய கெட்டோ என்ற தனிக் குடியிருப்பில்தான் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். அவருடைய சொற்பொழிவைக் கேட்கக் கிறித்தவத் துறவிகளும் பிரபுக்களும்கூட ஜெப ஆலயத்துக்கு வந்தார்கள். இருந்தும் கைக்கும் வாய்க்கும் எட்டாத வாழ்க்கை. பிழைப்புக்காகத் தாம் பார்த்த 26 வேலைகளை அவரே பட்டியலிட்டிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, பிறருக்காகக் கடிதம் எழுதுவது, அச்சகத்தில் பிழை திருத்துவது, கல்லறைக்குக் கவிதை எழுதுவது, கல்யாணத் தரகு, தாயத்து என்று அது நீள்கிறது. சிறுவனாக இருந்தபோதே சூதாட்டத்தைக் கண்டித்து உரையாடல் நூல் எழுதியவர் கடைசிவரை சூதாட்டத்தை விட முடியாமல் தவித்ததைப் படிக்கும்போது, அவர்மீது கோபத்தைவிட இரக்கமே மேலிடுகிறது.

என்னை மிகவும் கலங்கடித்தது மூத்த மகன் மொர்தெகாயைப் பற்றிய பகுதி. ரசவாதத்தில் இறங்கிய அந்த இளைஞர் ஒன்பது அவுன்ஸ் ஈயத்தையும் ஓர் அவுன்ஸ் வெள்ளியையும் கொண்டு பத்து அவுன்ஸ் தூய வெள்ளி செய்ததைத் தாமே பார்த்ததாகத் தந்தை எழுதுகிறார். கடன் தீரும் என்ற நம்பிக்கை அந்த வரிகளில் தெரிகிறது. உலைப் புகையால் மகனுக்கு இரத்தப்போக்கு தொடங்கியது; 1617-இல் 26 வயதில் இறந்துபோனார். அதன் பிறகுதான் மொதேனா தன்வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1622-இல் இன்னொரு மகன் செபுலோன் கொலையுண்டதையும் அதிலேயே பதிவு செய்ய நேர்ந்தது.

யூதச் சடங்குகளைக் கிறித்தவ வாசகர்களுக்கு விளக்கி அவர் இத்தாலிய மொழியில் எழுதிய நூல் 1637-இல் பாரிஸில் அச்சாகி ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆனால் அவருடைய அறிவுத் துணிவைக் காட்டுவது 1639-இல் முடித்த ‘ஆரி நோஹெம்’ என்ற நூலே. கபாலா என்னும் யூத மறைஞான மரபில் மூழ்கிய தம் மாணவர் யோசேப்பு ஹமிஸை முன்னிறுத்தி எழுதிய அந்நூலில், பண்டைய ஞானி ஒருவருடையதாகப் போற்றப்பட்ட சோஹர் என்ற கபாலா நூல் உண்மையில் தம் காலத்துக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்புதான் எழுதப்பட்டது என்று அவர் வாதிட்டார். கையெழுத்துப் படிகளாகவே உலவிய அது 1840-இல்தான் அச்சேறியது.

தன்வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1988-இல் விரிவான குறிப்புகளுடன் வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு மற்ற நூல்களுக்குப் போங்கள்.