வாய்ப் புற்றுக்கு முந்திய மாற்றங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது ஏன்?

வாய்க்குள் தேய்த்தாலும் போகாத, வேறு நோய் என்றும் சொல்ல முடியாத வெண்திட்டுக்கு லுக்கோபிளேக்கியா என்று பெயர். அது புற்றுநோய் அல்ல; சிலருக்கு மட்டும் பின்னாளில் அப்படி மாறலாம். புகையிலையும் பாக்கும் முக்கியக் காரணங்கள்.

சாதாரண நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்கும் (ஒரு நானோமீட்டர் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நெருக்கமான இரு புள்ளிகள் ஒன்றாகத் தெரியும். எலக்ட்ரானின் அலைநீளம் ஒளியுடையதைவிட மிகமிகச் சிறியது. அதனால் நுணுக்கம் பிரிந்து தெரிகிறது. பினாங்கின் உயரமான கொம்தார் கோபுர உச்சியிலிருந்து ஜார்ஜ்டவுன் கடைவீட்டுக் கூரைகள் தெரியும்; ஓடு கழன்றிருப்பது ஏணி வைத்து ஏறினால்தான் தெரியும். செல்களைக் கோத்துப் பிடிக்கும் டெஸ்மோசோம்கள் இப்படித்தான். திசு மாறத் தொடங்கினால் அவை குறைந்து, செல்களுக்கு நடுவே இடைவெளி அகலலாம். அந்தச் செல் அடுக்கைத் தாங்கும் அடித்தளச் சவ்வும் அங்கங்கே அறுந்திருக்கலாம்.

இந்த நுண்ணோக்கிக்குத் திசுவைத் தயாரிக்கும் வேலை கெடுவது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். திசுவை எடுத்த உடனே 1 மில்லிமீட்டர் துண்டாக்கி திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தும் மருந்தான 2.5% குளூட்டரால்டிஹைடில் போட வேண்டும். துண்டு பெரிதானால் மருந்து நடுவரை ஊறாது. தாமதித்தால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா வீங்கி, அதையே நோய் என்று தவறாகப் படித்துவிடுவோம். பிறகு சவ்வுகளை நிலைநிறுத்தும் ஆஸ்மியம் டெட்ராக்சைடில் ஊறவைத்து, கெட்டியாகும் ரெசினில் பதித்து, 60–90 நானோமீட்டர் தடிமனில் சீவி, சீவலைச் செம்பு வலையில் ஏந்த வேண்டும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் புற்றா இல்லையா என்று தெரியும் என்பது தவறு: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அதை முடிவு செய்வது சாயமேற்றிய திசுவைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்சிதான்.