கச்சேரியும் வேண்டாம், ரீச்சர் நியமனமும் வேண்டாம் என்கிற மகள்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஏழு வருசம் கர்நாடக வயலின் படித்த பிள்ளை, உயர்தரம் எழுதி முடித்த கையோடு "புதிசா எழுதுற மேற்கத்திய இசையை வாசிக்கிற குழுவிலதான் சேருவன்" என்று நிற்கிறாள், நீங்கள் நித்திரையில்லாமல் இருக்கிறீர்கள். சரி, அது என்ன வேலை என்று முதலில் பார்ப்போம்.

நூறு பேர் இருந்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா இல்லை இது. பாரிசில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேஸ் 1976 இல் தொடங்கிய குழுவில் 31 பேர்தான். ஜெர்மனியில் பிராங்பேர்ட்டின் ஆன்சாம்பிள் மொடர்ன் என்ற குழுவில் எதை வாசிப்பது என்பதை வாத்தியக்காரர்களே கூடி முடிவெடுக்கிறார்கள். இப்படிச் சில குழுக்கள் சேம்பர் ஒப்பெராவும், அதாவது சின்னக் குழுவோடு பாடியே நடிக்கிற நாடகமும், செய்யும். ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1954 இல் வெனிசில் அரங்கேற்றிய ஒன்றுக்கு 13 வாத்தியக்காரர் போதுமாக இருந்தது. அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, கதை விடிய விடியப் பாட்டிலேயே ஓடுகிற கூத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

காசு? மாதச் சம்பளம் தருகிற குழுக்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் கச்சேரிக்குக் கச்சேரி கூலி வாங்கி, மிச்ச நேரம் பிள்ளைகளுக்குப் படிப்பித்துத்தான் சீவிக்கிறார்கள். ஆக, ரீச்சர் வேலை வேண்டாம் என்கிறவளுக்கு அங்கேயும் அதுதான் காத்திருக்கிறது, இதை அவளிடம் சொல்லுங்கள்.

ஆனால் எனக்குப் பெரிய யோசனை காசு இல்லை. நம்முடைய பிள்ளைகள் குரு வாசிக்கக் கேட்டுப் பிடிப்பவர்கள். புதிதாக எழுதிய இசைக்கு யூடியூபில் ஒன்றும் இருக்காது, தாளில் உள்ளதைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். வயலினும் வேறு மாதிரி: இங்கே நிலத்தில் இருந்து ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கிறாள், அங்கே தோளில் வைத்து ஜி-டி-ஏ-ஈ. 19 வயதில் வில் பிடியை மாற்றுவது லேசான காரியம் இல்லை, அங்கே ஐந்து வயதில் தொடங்கியவர்களோடுதான் போட்டி. கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) பழகிய விரல் ஒரு பலம்தான், தாள் வாசிக்கத் தெரிந்தால்.

அதனால் நான் சொல்வது இது. மட்டக்களப்பு, கல்லடி விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இடம் கிடைத்தால் விடக்கூடாது, செயல்முறைத் தேர்வு இருக்கும், அதற்கு இப்போதே ஆயத்தமாகட்டும். அதோடு ஏபிஆர்எஸ்எம் என்கிற பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபையின் தியரி: கிரேட் 5 வரை வீட்டிலிருந்தே ஒன்லைனில் எழுதலாம், கிரேட் 5 தியரியோ அதற்குச் சமமான அவர்களின் வேறு தேர்வோ இல்லாமல் வயலினில் கிரேட் 6 க்குப் போக விடமாட்டார்கள். மேற்கத்திய வயலினுக்கு ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும், கொழும்புக்குப் போய்வர வேண்டியும் வரலாம். ஜெர்மனிக்குப் படிக்க அனுப்ப இப்போதே ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டாதீர்கள். அங்கே அரச இசைக் கல்லூரிகளில் கட்டணம் குறைவுதான், ஆனால் வாசித்துக் காட்டி எடுபட வேண்டும், விசாவுக்கு வங்கியில் காட்ட வேண்டிய தொகையே 2024 செப்டெம்பரில் வருசத்துக்கு 11,904 யூரோ.

வாசிப்பதை விட்டால் வேறு வழியில்லை என்றும் இல்லை. இசை எழுதுவது, குழுவை நிர்வகிப்பது, பயணம், நிதி விண்ணப்பம் பார்ப்பது என்று வேலைகள் உண்டு.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வயலினையும் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் ஒரு பக்க இசைத் தாள் எடுத்து வைக்கிறேன்.