‘தி ரெய்டு 2’ படம் வெறும் வெட்டுக்குத்துதானா? முதல் பாகமே போதுமா?

போதாது. இரண்டாம் பாகத்தை அவசியம் பாருங்கள். ஆனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள், ரத்தம் கொஞ்சநஞ்சம் இல்லை.

எனக்கு ஊர் பாறசாலை. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் வரும். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். சின்ன வயதில் நாலு வருடம் அடிமுறை என்கிற எங்கள் பக்கத்துத் தற்காப்புக் கலை படித்தேன். சண்டைப் படம் என்றால் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும். “கையப் பாக்காதே மக்கா, காலப் பாரு” என்று ஆசான் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் அது.

2011இல் வந்த முதல் பாகம் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் முடிந்துவிடும். 2014இல் வந்த இது இரண்டரை மணி நேரம். அதே இயக்குநர் கேரத் எவன்ஸ், அதே நாயகன் ஈக்கோ உவைஸ், இந்தோனேசியாவின் தற்காப்புக் கலையான அதே சிலாட். போலீஸ்காரன் ராமாவின் அண்ணனை பெஜோ என்கிற ரவுடி கொன்றுவிடுகிறான். ராமா உளவு பார்க்கப் பொய்ப் பெயரில் ஜெயிலுக்குப் போய், ஜகார்த்தா தாதா பங்குனின் மகன் உச்சோவோடு நெருங்குகிறான். (இனி முக்கியமான காட்சிகளைச் சொல்லப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

என்னை உலுக்கியது பிரகோசோ. பங்குனுக்காகக் காலமெல்லாம் கொலை செய்த விசுவாசி. அழுக்கு உடையும் பரட்டைத் தலையுமாக, பிரிந்துபோன மனைவியை ஓர் உணவகத்தில் சந்தித்து மகனுக்காகப் பணம் கொடுக்கிறான். மகனைப் பார்க்க மட்டும் அவள் விடுவதில்லை. அந்த மனிதனைத்தான் உச்சோ பலி கொடுக்கிறான். பழியை, அப்பாவோடு சமாதானமாக இருக்கும் ஜப்பானியக் கும்பல் மேல் போட்டால் சண்டை மூளும், அப்பா வழிக்கு வருவார் என்பது அவன் கணக்கு. குறுகலான சந்தில், விழுகிற பனியில் பிரகோசோ சாகிறான். ஜகார்த்தாவில் ஏது பனி? ஆனாலும் பார்க்கும்போது அது உறுத்தவே இல்லை. வெள்ளை மேல் சிவப்பு பரவுவதை இன்னும் மறக்க முடியவில்லை. பிறகு உச்சோ பெற்ற அப்பனையே கொல்கிறான். எனக்கு அதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

அந்தச் சந்தில் பிரகோசோவைக் கொன்றவன், கடைசியில் சமையலறையில் ராமாவுக்கு எதிரே நிற்கிறான். நடித்தவர் செசெப் ஆரிஃப் ரஹ்மான், நிஜத்திலேயே சிலாட் ஆசிரியர். கையில் கெரம்பிட், புலி நகம் போல வளைந்த சின்னக் கத்தி. கத்தியை விட்டுவிட்டுக் கால் வைப்பைக் கவனியுங்கள். அடிமுறையில் நாங்கள் சுவடு என்று சொல்லும் கால் வைப்பு போலவே தாழ்ந்து, அகன்று, எடையை மாற்றி மாற்றி. இந்தச் சண்டைகளை உவைஸோடு சேர்ந்து அமைத்தவர் யயான் ருஹியான். பிரகோசோவாக நடித்தவரும் அவர்தான். அது தெரிந்த பிறகு அந்தச் சமையலறைச் சண்டையைப் பிரகோசோவை நினைக்காமல் என்னால் பார்க்க முடிந்ததில்லை.

எல்லாம் முடிந்து ராமா தள்ளாடி வெளியே வருகிறான். எதிரே ஜப்பானியக் கும்பல். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. ‘இல்லை, எனக்குப் போதும்’ என்கிற மாதிரி அவன் பதில் மட்டும் கேட்கிறது.