எப்.ஐ.ஆர். போட வைக்க இருபதாயிரமா?

கேள்வி: என் மகன் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கூடப் படிக்கும் மூன்று பையன்கள் ஆறு மாதமாக அடிக்கிறார்கள், டிபன் பாக்ஸைப் பிடுங்கிக் கொட்டுகிறார்கள். தலைமை ஆசிரியை, "பசங்கன்னா அப்படித்தான், பிடிக்கலைன்னா டி.சி. வாங்கிக்கோங்க" என்கிறார். மனித உரிமை அமைப்பு என்று ஒருவர் வந்து, ரூ.20,000 கொடுத்தால் எப்.ஐ.ஆர். போட வைப்பதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? - ஒரு தாய், ஈரோடு

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள் அம்மா. குறைந்தபட்ச தண்டனையே ஏழு ஆண்டு என்கிற கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலோதான் சிறுவர்கள் மீது எப்.ஐ.ஆர். மற்றதெல்லாம் ஸ்டேஷன் நாட்குறிப்பில் ஒரு பதிவு, சிறுவர்கள் மீதான வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு ஓர் அறிக்கை, அவ்வளவுதான். அவர் விற்பது இல்லாத சரக்கு. இந்த லெட்டர்பேடு ஆட்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். கார் கண்ணாடியில் சிவப்பு எழுத்து, கழுத்தில் அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒரு அட்டை. உங்களிடம் வாங்கிய கையோடு அந்தப் பையன்களின் வீட்டுக்கும் போய், "கேஸ் வராமல் பார்த்துக்கிறேன்" என்று அங்கேயும் வசூலிப்பார்கள்.

புகாரை நீங்களே எழுதுங்கள். தேதி, இடம், யார், என்ன செய்தார்கள், அது போதும். நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அனுப்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். கல்வி அலுவலகம் "பள்ளியிடம் விளக்கம் கேட்டுள்ளோம்" என்று எழுதும். அந்த விளக்கத்தை எழுதப்போவதும் அதே தலைமை ஆசிரியைதான்! சலிக்காமல் மறுபடி அனுப்புங்கள்.

டி.சி. கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். போட்டுவிட்டால் நீங்களாகப் போனதாக ஏட்டில் ஏறிவிடும்.

ஒன்று மட்டும் வேறு. டவுசரை உருவுவது, அந்தரங்க உறுப்பில் கைவைப்பது, அதைப் போனில் படமெடுப்பது என்று போனால் அது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்துக்குள் வரலாம். ஆண் பிள்ளைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அப்போது சமாதானம் பேசும் உரிமை பள்ளிக்குக் கிடையாது. தெரிந்தவுடன் போலீசுக்குச் சொல்ல வேண்டும், மறைத்தாலே தண்டனை உண்டு. "பேர் கெட்டுடும்" என்று உங்களையே சமாதானப்படுத்த வருவார்கள், மசியாதீர்கள்.

அதனால் இன்று சாயங்காலம் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறதா? பையைக்கூட இறக்காமல் பாத்ரூமுக்கு ஓடுகிறானா? அப்படியென்றால் பள்ளிக் கழிவறைக்குப் போகவே பயப்படுகிறான். அங்கே என்ன நடக்கிறது என்று, அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, சாப்பாடு போட்டுக்கொண்டே கேளுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு புகாரை எழுத உட்காருங்கள்.