டோக்கியோவில் நல்ல ராமென் கடை தேடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அடுத்த மாதம் 5 நாள் டோக்கியோ போறோம். "சிறந்த 10 ராமென்"னு தேடினா ஆளுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்காங்க. எதை நம்புறது?

பதில்: ராமென் என்பது சூப்பில் வரும் ஜப்பானிய நூடுல். கடையைத் தேடுவதற்கு முன்னால் அதில் எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். டோக்கியோவில் பேர் வாங்கிய கடைகள் பெரும்பாலும் ஒரே ஒரு வகையை வருடக்கணக்காகச் செய்பவை. வாசலில் இருபது படம் ஒட்டி எல்லா வகையும் கிடைக்கும் என்கிற கடையைத் தாண்டிப் போய்விடலாம்.

வகை புரிய ஒரு சின்ன விளக்கம். கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றும் உப்புக் கலவைக்குப் பெயர் ‘தாரே’. ஷோயு என்கிற சோயா சாஸ், ஷியோ என்கிற உப்பு, மிசோ என்கிற புளித்த சோயா விழுது ஆகிய மூன்றும் தாரேயைக் குறிக்கும் பெயர்கள். தொன்கொத்சு மட்டும் சூப்பின் பெயர்: பன்றி எலும்பைப் பல மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பும் மஜ்ஜையும் கரைந்து பால் போல வெளுத்துவிடும். அது கியூஷூ தீவின் ஃபுகுவோகா பக்கத்துச் சமையல். மிசோ ராமென் வடக்கே சப்போரோவில் இருந்து வந்தது. டோக்கியோவுக்கே உரியது தெளிந்த ஷோயு ராமென். 1910-ல் அசாகுசாவில் திறந்த ராய்ராய்கென் கடையோடு அது பரவத் தொடங்கியது. அந்தப் பழைய ருசிக்கு ஓகிகுபோவில் 1949 முதல் நடக்கும் ஹருகியாவுக்குப் போங்கள். பழைய கடைகளின் பலகையில் ராமெனுக்குப் பதில் ‘சூகா சோபா’ என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

வகை முடிவானதும், தங்கும் இடத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரோடு வகையின் பெயரைச் சேர்த்து ஜப்பானிய எழுத்தில் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் சுற்றுலாப் பயணிகள் போன கடைகளே திரும்பத் திரும்ப வரும். இகெபுகுரோ, தகதனொபபா, ஷின்ஜுகு மூன்றும் நடந்தே பல கடை பார்க்கிற அளவுக்கு ராமென் நெருக்கமான பகுதிகள்.

கேள்வி: ஒரு கடைக்கு கூகுளில் 4.6, ஜப்பான்காரங்க பார்க்கிற தபேலாக்கில் 3.2. இன்னொண்ணுக்கு கூகுளில் 3.9, தபேலாக்கில் 3.7. எங்கே போகட்டும் அண்ணா?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது கடைக்குப் போங்க தம்பி. தபேலாக்கில் புதுக் கடை 3.0-ஐ ஒட்டியே தொடங்கும். நிறைய எழுதி அனுபவப்பட்டவர்களின் மதிப்பெண்ணுக்கு அங்கே எடை அதிகம், அதனால் எண் லேசில் ஏறாது. 3.5 தாண்டினாலே நல்ல கடை. ராமெனில் 3.7 என்றால் வரிசையில் நிற்கத் தயாராகப் போக வேண்டும். டோக்கியோ ராமெனுக்கென்றே 100 கடைகளைத் தேர்ந்து ‘ஹ்யாகுமெய்தென்’ என்று அவர்கள் தனிப் பட்டியலும் வெளியிடுகிறார்கள். கூகுளில் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கடந்த ஒரு மாதத்துப் படங்களைப் பாருங்கள். விலை, வரிசை, விடுமுறை அறிவிப்பு எல்லாம் அதில்தான் உடனுக்குடன் தெரியும்.

கேள்வி: நேரில் பார்த்ததும் நல்ல கடைன்னு கண்டுபிடிக்க அடையாளம் ஏதாவது?

பதில்: வாசல் ஓரத்தில் அடுக்கியிருக்கும் ஆழமில்லாத பெட்டிகளைப் பாருங்கள். அவை நூடுல் வந்து இறங்கும் பெட்டிகள். நூடுல் பட்டறையின் பெயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். அசாகுசா கைகரோ போன்ற பெயர் பெற்ற பட்டறையின் பெட்டி என்றால் கடைக்காரர் நூடுலில் கஞ்சத்தனம் செய்யவில்லை என்று அர்த்தம். பெட்டியே இல்லாமல் ‘ஜிகாசெய்மென்’ என்று எழுதியிருந்தால் நூடுல் அந்தக் கடையிலேயே தயாராகிறது. உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தால், சமைப்பவர் நூடுலை வடிகட்டும் விதத்தைக் கவனியுங்கள். நாலைந்து முறை பலமாக உதறி நீரை எடுத்தால் சூப் நீர்த்துப் போகாது. அலட்சியமாக வடித்துப் போட்டால் எவ்வளவு நல்ல சூப்பும் கெட்டுவிடும்.

கேள்வி: வாசலில் டிக்கெட் மெஷின். எல்லாம் ஜப்பானிய மொழி. என்ன செய்யணும்?

பதில்: அதன் பெயர் ‘ஷொக்கென்கி’. பணத்தை முதலில் போட வேண்டும், பொத்தான் பிறகு. இடது மேல் மூலையில் உள்ள பொத்தான்தான் பெரும்பாலும் அந்தக் கடையின் பிரதான ராமென். முதல் தடவை அதையே அழுத்துங்கள். கூடுதலாக வேண்டுமென்றால் ‘அஜிதாமா’, அதாவது சோயாவில் ஊறிய முட்டை. மீதிச் சில்லறைக்குச் சில மெஷின்களில் நெம்புகோலைத் திருப்ப வேண்டும், அதை மறந்து நகர்ந்துவிடாதீர்கள்.

சிக்கல் வருவது நோட்டில். ஜூலை 2024-ல் ஜப்பான் புது நோட்டுகளை வெளியிட்டது. பழைய மெஷின்கள் பல அவற்றை ஏற்பதில்லை. 2021-ல் வந்த 500 யென் நாணயத்துக்கும் இதே கதி. 5,000, 10,000 யென் தாள்களைப் பழைய நோட்டாக இருந்தாலும் துப்பிவிடும் மெஷின்கள் உண்டு. பழைய 1,000 யென் தாள் கைக்கு வந்தால் ராமெனுக்கென்று எடுத்து வையுங்கள். மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவரிடம் நோட்டைக் காட்டுங்கள், மாற்றித் தருவார்கள்.

கேள்வி: அம்மா சுத்த சைவம். மிசோ ராமென் சோயாதானே, கொடுக்கலாமா?

பதில்: வேண்டாங்க. தாரேதான் சோயா, சூப் பன்றி அல்லது கோழி எலும்பில் எடுத்தது, மேலே பன்றிக் கொழுப்பும் ஊற்றுவார்கள். காய்கறி மலைபோல இருக்கும் ‘தன்மென்’ கூட எலும்பு சூப்தான். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மேலே வைக்கும் பன்றித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். எனவே ‘வீகன்’ என்று எழுதிய கடை மட்டுமே பாதுகாப்பு. டோக்கியோ நிலையத்துக்குள் இருக்கும் டீஸ் தன்தன் முழுக்க வீகன், எள் மணக்கும் காரமான தன்தன்மென் அங்கே விசேஷம். அது டிக்கெட் கதவுக்கு உள்ளே இருப்பதால் ரயில் ஏறும் நாளிலோ இறங்கும் நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். யூசு எலுமிச்சை மணத்துக்குப் பேர் போன அஃபுரியிலும் வீகன் ராமென் தனியாக உண்டு. பன்றி மட்டும் ஆகாது என்பவர்கள் அசாகுசாவில் நரிதாயா என்ற ஹலால் கடைக்குப் போகலாம். நூடுலின் மஞ்சளைப் பார்த்து முட்டை என்று பயப்படுகிறார்கள். மாவில் சேர்க்கும் ‘கன்சுய்’ என்ற காரநீர் தரும் நிறம் அது. ஆனாலும் சில கடைகளில் முட்டையும் சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாசலில் 16 பேர் நிக்கிறாங்க. நிக்கலாமா, வேண்டாமா?

பதில்: இருக்கைகளை எண்ணுங்கள். கவுண்டரில் 8 இடம், ஒருவருக்கு 20 முதல் 25 நிமிடம் என்றால் 16 பேர் இரண்டு சுற்று. முக்கால் மணி நேரம் ஆகும். த்சுகெமென் (நூடுல் தனியாக, தோய்த்துக்கொள்ள சூப் தனியாக வரும் வகை) கடையானால் இன்னும் மெதுவாக நகரும். அடுத்த கடையின் வாசலை மறைக்காமல் இருக்க வரிசை பாதியில் அறுந்து தெருவுக்கு எதிரே தொடரும், வாலைத் தேடிப் போய் நில்லுங்கள். குடும்பத்துக்காக ஒருவர் மட்டும் நிற்பது தப்பு. எல்லோரும் சேர்ந்து நிற்க வேண்டும். டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு நிற்கும் கடையும் உண்டு, நின்ற பிறகு எடுக்கும் கடையும் உண்டு. முன்னால் இருப்பவர் கையில் டிக்கெட் இருக்கிறதா பாருங்கள், போதும்.

12 முதல் 1 மணி வரை அலுவலகக் கூட்டம். திறப்பதற்கு 20 நிமிடம் முன்போ, 2 மணிக்கு மேலோ போங்கள். ரொம்பத் தள்ளினால் சூப் தீர்ந்து கடையை மூடிவிடுவார்கள். வாசலில் ‘நோரென்’ என்ற திரைத் துணி தொங்கவில்லை என்றால் கடை திறந்திருக்கவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: ராமென் ஜிரோவில் ஏதோ கேட்பாங்களாமே?

பதில்: ஜிரோ, நூடுலைக் குவித்துத் தரும், பல கிளைகள் உள்ள கடை. அங்கே கிண்ணத்தை நீட்டுவதற்குச் சற்று முன், "நின்னிகு இரெமாஸ்கா?" என்று கேட்பார்கள். பூண்டு போடவா என்று அர்த்தம். அந்த ஒரு வினாடியில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்: நின்னிகு என்றால் பூண்டு, யசாய் காய் அதிகம், அபுரா கொழுப்பு அதிகம், கராமே உப்பு தூக்கலாக. எதுவும் வேண்டாம் என்றால் "சொனோமாமா". சாதாரணக் கடையில் நூடுல் 130 முதல் 150 கிராம். இங்கே பல கிளைகளில் ‘சிறியது’ என்பதே 300 கிராம் அளவு. டிக்கெட்டைக் கொடுக்கும்போதே "மென் சுகுனமே" என்று குறைக்கச் சொல்லுங்கள். இதை யோசிக்காமல் காயைக் கூட்டிவிட்டு, மீதியை வைத்துவிட்டு வருவதுதான் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பிழை.

கேள்வி: த்சுகெமென் ஆறிப்போய் வந்துச்சு சார். திருப்பிக் கொடுத்திருக்கணுமோ?

பதில்: அப்படித்தான் வரும். தடித்த நூடுலை வேகவைத்து குளிர்ந்த நீரில் அலசுவதால்தான் அந்த இழுவை கிடைக்கிறது. 1955-ல் யமகிஷி கசுவோ இதை மெனுவில் ஏற்றினார், பிறகு அவர் நடத்திய ஹிகாஷி இகெபுகுரோ தைஷோகென் இதன் தாய்வீடு. ஆறின நூடுல் பிடிக்காவிட்டால் "அத்சுமோரி" என்று கேளுங்கள், சூடாக வரும். நூடுலைப் பாதி மட்டும் சூப்பில் தோய்த்து எடுங்கள், முழுக்க முக்கினால் உப்பு கரிக்கும். கடைசியில் "சூப் வாரி" என்றால் மீதிக் குழம்பில் லேசான சூப் ஊற்றித் தருவார்கள். அதைக் குடிக்காமல் எழுந்திருக்காதீர்கள்.

கேள்வி: 4 வயசுக் குழந்தையோட போகலாமா?

பதில்: கவுண்டர் மட்டும் உள்ள கடை சிரமம். டோக்கியோ நிலையத்தின் யாயேசு பக்கம், நிலத்தடியில் உள்ள ராமென் ஸ்ட்ரீட்டில் 8 கடைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மேசை இருக்கும் கடையாகப் பார்த்து, காலை 11 மணிக்கெல்லாம் போய்விடுங்கள். "தொரிசரா" என்று கேட்டால் குழந்தைக்குத் தனிச் சிறு கிண்ணம் தருவார்கள்.